பிக்கப் வண்டிக்குப் பெரிய டயர் போடலாமா?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



தை பிறந்துவிட்டால் நம் கரிசல் காட்டில் மக்காச்சோளக் கதிர் ஒடிப்பு. அதன் பின்னாலேயே பருத்தி, மிளகாய். ராஜபாளையம், வத்திராயிருப்புப் பக்கம் என்றால் தேங்காயும் மாங்காயும். விளைந்ததை வீடு சேர்க்கவும் சந்தைக்குக் கொண்டு போகவும் முன்பு மாட்டு வண்டி. பிறகு டிராக்டர் டிரெய்லர். இப்போது ஊருக்கு நாலு பிக்கப் வண்டி நிற்கிறது. கடன் வாங்கித்தான் எடுத்திருப்பீர்கள். மாதத் தவணை கட்டியாக வேண்டும். அதனால், "ஒரு நடைக்கு இன்னும் பத்து மூட்டை கூடுதலாகப் போட்டால் என்ன? பின்னால் தண்ணீர் டேங்க் டிரெய்லர் ஒன்றைக் கோத்து இழுத்தால் என்ன?" என்று தோன்றும். அப்படித் தோன்றியதும் பட்டறைக்குப் போவீர்கள். அங்கே ஒருவர், "அண்ணாச்சி, டயரைப் பெரிசாக்குங்க. லாரி டயர் மாதிரி போட்டா வண்டி எவ்வளவு வேணாலும் தாங்கும்" என்பார். அந்தப் பேச்சை நம்பலாமா என்பதுதான் இன்றைய விஷயம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரிய சக்கரம் நல்லது என்று நம்மவர்கள் நினைப்பதில் தப்பில்லை. பழைய மரச்சக்கர வண்டியில் சக்கரம் ஆள் நெஞ்சு உயரம் நின்றது. சக்கரம் பெரிதாக இருந்தால் பள்ளத்திலும் வரப்பிலும் சுலபமாக ஏறி இறங்கும். ஆனால் அதே மரச்சக்கரம் மழை பெய்த கரிசலில் என்ன பாடு படுத்தியது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். இரும்புப் பட்டை மண்ணை வெட்டிக்கொண்டு இறங்கும். பிறகு டன்லப் கம்பெனி மாட்டு வண்டிக்கென்றே காற்று அடைத்த டயர் செய்து விற்றது. அந்த டயர் வண்டியின் சக்கரம் மரச்சக்கரத்தைவிடச் சின்னதுதான். என்றாலும் மாடு சுலபமாக இழுத்தது. ஏன்? டயர் அகலமாகப் படிந்து பாரத்தைப் பரப்பியது. உள்ளே பேரிங் இருந்தது. ஆகவே உயரம் மட்டும் காரியமில்லை. எந்தப் பாரத்துக்கு, எந்த அச்சுக்கு, எவ்வளவு காற்று என்பதும் சேர்ந்துதான் வண்டி ஓடுகிறது.

இப்போது உங்கள் வண்டி டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். எழுத்தும் எண்ணுமாக நிறைய இருக்கும். 7.00 ஆர் 15 எல்.டி. என்று இருந்தால், டயரின் அகலம் சுமார் 7 அங்குலம், ஆர் என்பது ரேடியல், 15 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில், எல்.டி. என்றால் இலகு ரக லாரிக்கு ஆனது. 215/75 ஆர் 15 என்று இருந்தால் அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதம். பக்கத்தில் 8 பி.ஆர். என்பது போல ஓர் எண் இருக்கும். அது டயரின் பலத்தைக் குறிப்பது. உள்ளே அத்தனை அடுக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை, அந்தக் காலத்துக் கணக்கு அப்படியே பெயராக நின்றுவிட்டது. கடைசியாக 112/110 என்பது போல இரண்டு எண்கள். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். 110 என்றால் 1060 கிலோ. இரண்டாவது எண் இரட்டை டயராகப் போடும்போது ஒவ்வொன்றும் தாங்குவது. வெறும் 100 என்று இருந்தால் 800 கிலோ.

இதைக் கேட்டதும் ஒரு தம்பி கணக்குப் போட்டார். "அப்போ 112 போட்ட ரெண்டு டயர் பின்னால இருந்தா, 2240 கிலோ தாங்குமே?" டயர் தாங்கும், தம்பி. அச்சு தாங்குமா? ஸ்பிரிங் பட்டை, ஹப், பேரிங், சேஸிஸ், பிரேக் எல்லாம் தாங்குமா? இவற்றில் எது பலம் குறைந்ததோ அதன் அளவுதான் வண்டியின் அளவு. டயரை மாற்றினால் அந்த அளவு மாறுவதில்லை. உங்கள் ஆர்.சி. புத்தகத்தில் வெறும் வண்டியின் எடை, பாரத்துடன் எடை என்று இரண்டு இருக்கும். பெரியதில் சிறியதைக் கழியுங்கள். டிரைவரும் உடன் வருகிறவரும் சேர்த்து நீங்கள் ஏற்றக்கூடியது அவ்வளவுதான். டாட்டா ஏஸ் 2005-இல் வந்தபோது அது முக்கால் டன் வண்டி. பொலேரோ பிக்கப்பை 1.3 டன், 1.7 டன் என்று பெயரோடு சேர்த்தே விற்கிறார்கள். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே இருக்கிற சாமான் வேறு.

பெரிய டயர் போட்டால் என்னதான் ஆகும் என்று பார்ப்போம். 215/75 ஆர் 15 டயரின் உயரம் ஏறக்குறைய 703 மில்லிமீட்டர். 7.00 ஆர் 15 டயர் சுமார் 750 வரும். நூற்றுக்கு ஆறேழு கூடுதல். மீட்டரில் 60 காட்டும்போது வண்டி 64-இல் ஓடிக்கொண்டிருக்கும். இது சின்ன விஷயம். அடுத்தது பெரிய விஷயம். சக்கரம் பெரிதானால் இஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டியை அதிக தூரம் தள்ள வேண்டும். அந்த அளவுக்கு இழுக்கிற சக்தி குறையும். பாரம் இழுக்கத்தானே பெரிய டயர் போட்டோம்? இழுவை குறைந்து போகிறது! மேட்டில் ஏற்ற ஒரு கியர் கீழே போட வேண்டும், கிளட்ச் கருகும். பிரேக்குக்கும் இதே கதைதான். சக்கரத்தின் விளிம்பு மையத்தை விட்டுத் தள்ளிப் போகப் போக, அதே டிரம் அதைப் பிடித்து நிறுத்தச் சிரமப்படும். கடப்பாரையின் நுனியைப் பிடித்து நெம்பினால் கல் சுலபமாக அசைகிறதல்லவா? இங்கே நெம்புவது ரோடு. அசைகிற கல் உங்கள் பிரேக். சமவெளியில் இது தெரியாது. மாங்காய் ஏற்றிக்கொண்டு செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் போகும்போது தெரியும்.

சாத்தூர்ப் பக்கம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், நமக்கு வேண்டியவர். பிக்கப்புக்கு அகலமான ரிம், பெரிய டயர், பின்னால் இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதல், இழுக்கக் கொக்கி எல்லாம் போட்டார். பத்து நாள் ஊரே வந்து பார்த்தது. முன் டயர், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது மட்டும் உள்ளே ஓரமாக உரசியது. "லேசா சத்தம் வருது, பழகிடும்" என்று விட்டுவிட்டார். உரசியது மட்கார்டில் மட்டும் அல்ல, பிரேக் குழாயிலும்தான். ஒரு சாயங்காலம் மக்காச்சோளம் முழுப் பாரம், முன்னால் பக்கத்து சீட்டில் அவர் மனைவி, மடியில் குழந்தை. எதிரே ஆட்டு மந்தை குறுக்கிட்டது. பிரேக்கை மிதித்தால் பெடல் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது, பிடிப்பு அரைகுறை. நல்ல வேளை, ஓரமாக ஒடித்தார். வண்டி சீமைக்கருவேலங் காட்டுக்குள் இறங்கி நின்றது. மூவருக்கும் முள் கீறலோடு போயிற்று. மறுநாளே பழைய டயரைத் தேடி எடுத்தார். அவர் மனைவி இப்போதும் அந்த வண்டியில் ஏற யோசிப்பாராம்.

ரிம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. அகலம் வேண்டும் என்று சிலர் ரிம்மை வெளியே தள்ளிப் போடுகிறார்கள், அல்லது நடுவில் கட்டை வைத்துப் பிடிக்கிறார்கள். சக்கரம் வெளியே போன அளவுக்குப் பாரம் பேரிங்கின் மேல் கோணலாக விழும். பேரிங் சூடேறும், நட்டு போல்ட் தளரும், ஒரு நாள் சக்கரம் தனியாக உருண்டு உங்களுக்கு முன்னால் போகும்.

இழுவைக்கு வருவோம். டிரெய்லர் இழுக்கப் பிறந்தது டிராக்டர். அதன் பின் சக்கரம், கியர், எடை எல்லாம் அதற்கென்றே அமைந்தவை. பிக்கப்பின் கையேட்டில் எத்தனை கிலோ இழுக்கலாம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போடவில்லை என்றால் இழுக்கும் வேலைக்கு அதைக் கம்பெனி செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். நிறையத் தண்ணீர் ஏற்றிய டேங்க் டிரெய்லர் பின்னால் இருந்தால், பிரேக் பிடிக்கும்போது அது முன் வண்டியைத் தள்ளும். வளைவில் வாலை ஆட்டும். டேங்க் பாதி நிறைந்திருந்தால் இன்னும் மோசம், தண்ணீர் உள்ளே அலையடித்து வண்டியைத் தன் பக்கம் இழுக்கும். டிரெய்லரைப் பதிவு செய்யாமல் ரோட்டில் ஓட்டவும் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்பீர்கள். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் சட்டத்தைத் திருத்தி, அப்படி மாற்றுகிற உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்றும் வைத்தார்கள். அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் பாரத்தை அங்கேயே இறக்கவும் வேண்டும். பத்து மூட்டையில் மிச்சம் பிடித்த வாடகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது ஆர்.சி. புத்தகத்தையும் எடைச் சீட்டையும்தான்.

சிவகாசி, திருத்தங்கல், வெம்பக்கோட்டைப் பக்கத்து நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. தீபாவளிக்கு முன்னால், "வண்டி சும்மாத்தானே நிக்குது, பட்டாசுப் பெட்டி ஏத்த வாரீங்களா?" என்று கூப்பிடுவார்கள். வாடகை நன்றாக இருக்கும். ஆனால் பட்டாசு ஏற்றுவதற்கு 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் இருக்கின்றன; சிவகாசியிலேயே அதற்கான மத்திய அரசு அலுவலகம் இருக்கிறது. அங்கே கேட்காமல் ஏற்றாதீர்கள். பாடியில் உரசுகிற டயர், காற்றுக் குறைந்து சூடேறுகிற டயர், கருகுகிற பிரேக், இவை மக்காச்சோள வண்டியில் இருந்தால் நஷ்டம். பட்டாசு வண்டியில் இருந்தால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் மாவட்டம் பார்த்தது போதும்.

சரி, பெரிய டயரே கூடாதா என்றால், அப்படிச் சொல்லவில்லை. உங்கள் மாடலுக்குக் கம்பெனியே இரண்டு அளவுகளை அனுமதித்திருந்தால், கையேட்டில் பார்த்துப் பெரியதைப் போடலாம். ரிம் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும், நாலும் ஸ்டெப்னியும் ஒரே அளவாக இருக்க வேண்டும். காட்டுப் பாதையில் அதிகம் போகிறவர்கள் அதே அளவில் கனமான பட்டன் உள்ள டயரைக் கேட்டு வாங்கலாம். கரிசல் சேற்றில் அதுதான் உதவும். அதே அளவில் பி.ஆர். கூடிய டயர் போட்டால் முள், கல்லுக்குத் தாங்கும். பாரம் மட்டும் பழையபடிதான். வாங்கும்போது பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 1224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரம் செய்தது. பளபளப்பைப் பார்த்துப் பழைய சரக்கை வாங்கி வராதீர்கள்.

காற்று விஷயத்தில் நாம் ரொம்ப மோசம். டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டிலோ கையேட்டிலோ, வெறும் வண்டிக்கு இத்தனை பவுண்டு, பாரத்துக்கு இத்தனை பவுண்டு என்று இருக்கும். காலையில் வண்டி எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். சித்திரை வெயிலில் எட்டூர்வட்டம் டோல்கேட் வரை ஓடி வந்த டயரில் காற்று கூடத்தான் காட்டும். அதைப் பார்த்து இறக்கிவிட்டால் மறுநாள் குறைந்த காற்றோடு பாரம் ஏற்றுவீர்கள். அப்போது பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும். பட்டன் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அந்த டயர் ஓடக் கூடாது என்பது விதி. மழைக்காலத்தில் அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

எந்த டயரைக் கழற்றி மாட்டினாலும் முதல் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, நட்டுகளை ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். பட்டறைக்காரர் இறுக்கியதுதான் என்று விட்டுவிட வேண்டாம்.