தவறு காட்டிய வழி

1956-இல் அமெரிக்காவில் சளி கண்ட சிம்பன்சிகளிடம் ஒரு வைரஸ் அறியப்பட்டது. மறு ஆண்டே ராபர்ட் சானக் என்பார் அதனைக் கைக்குழந்தைகளிடமும் கண்டார். ஆர்.எஸ்.வி. எனும் அவ்வைரஸ் மூச்சுக்குழாயின் உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது. வளர்ந்தோர் பலருக்கு அது வெறும் சளி. சிசுவுக்கோ நுண்குழாய்கள் அடைபட்டு மூச்சே திணறும்.

1966-இல் ஃபார்மலினால் செயலிழக்கச் செய்த வைரஸைக் குழந்தைகளுக்குத் தடுப்பூசியாக இட்டனர். அந்தோ! அது நோயைத் தடுக்காமல் கடுமையாக்கிற்று. இரு குழந்தைகள் மாண்டன. ஏன்? உயிரணுவில் நுழையுமுன் வைரஸின் புரதத்துக்கு உள்ள வடிவம் அத்தடுப்பூசியில் திரிந்துபோயிருந்தமை ஒரு காரணம்.

2013-இல் அவ்வடிவம் தெளிவாயிற்று. அதனைத் திரியாமல் நிறுத்திய தடுப்பூசியைக் கருவுற்ற தாய்க்கு இட அமெரிக்கா 2023-இல் ஒப்புதல் தந்தது; தாயின் எதிர்ப்பொருள் சேயைக் காக்கிறது.

தவறிய கணக்கை அழித்துவிடாதீர்கள். தவறிய இடத்தைத் தேடுங்கள்.