ஆய்வுரை அச்சேறுமுன்

வடதுருவத்தை அடுத்த நிலங்களிலே வாழும் இனுயிற் முதலிய மக்களை முன்னாளில் எஸ்கிமோவர் என்று வழங்கினர். அம்மக்களின் மொழியிலே வெண்பனியைக் குறிப்பதற்கு நூறு சொற்கள் உண்டு என்னும் செய்தி உலகமெங்கும் பரவியுள்ளது. பாடநூல்களில் அது இடம்பெற்றது; மேடைகளிலே பேசப்பட்டது; 1984ஆம் ஆண்டில் நியூயோர்க் ரைம்ஸ் நாளிதழின் தலையங்கமொன்றும் நூறு என்ற எண்ணையே எடுத்தாண்டது. அந்த எண் எங்கிருந்து வந்தது? அதனை முதலில் எண்ணியவர் யார்?

லோறா மாட்டின் என்னும் அமெரிக்க மானிடவியலாளர் இவ்வினாவை எழுப்பி, பழைய நூல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டிப் பின்னோக்கிச் சென்றார். அவர் சென்றடைந்த இடம், 1911ஆம் ஆண்டிலே வெளிவந்த அமெரிக்க இந்திய மொழிகள் பற்றிய கைந்நூலுக்குப் பிரான்ஸ் போவாஸ் எழுதிய முன்னுரை. அங்கே காணப்பட்டவை நான்கு சொற்களே. தரையிற் கிடக்கும் பனிக்கு ஒன்று. விழுகின்ற பனிக்கு ஒன்று. காற்று அடித்துச் செல்லும் பனிக்கு ஒன்று. காற்றினாற் குவிந்த பனித்திடருக்கு ஒன்று. ஒரே பொருளின் வேறுபட்ட நிலைகளை ஒவ்வொரு மொழியும் தன் போக்கிலே பகுத்துப் பெயரிடும் என்பதை விளக்கவே போவாஸ் அவற்றைக் காட்டினார்.

பின்னர் 1940ஆம் ஆண்டிலே பெஞ்சமின் லீ வோர்ஃப் என்பவர், பொதுவாசகருக்கென எழுதிய கட்டுரையொன்றில் இச்செய்தியை மீண்டும் எடுத்துரைத்தார். அங்கே பனியின் வகைகள் கூடிவிட்டன. அவற்றை எங்கிருந்து பெற்றார் என்ற குறிப்பு மட்டும் இல்லை. அவரைப் பார்த்து எழுதியோர் மேலும் கூட்டினர். அவர்களைப் பார்த்து எழுதியோர் இன்னும் கூட்டினர். மூலத்தைத் திறந்து பார்த்தவர் அரிதாயினர். லோறா மாட்டின் தம் ஆய்வை 1982ஆம் ஆண்டிலே மாநாடொன்றிற் படித்தார். அது சிறு கட்டுரையாக 1986ஆம் ஆண்டிலே அச்சேறியது.

இதனாற் போவாஸ் காட்டிய நான்கே முடிந்த முடிவு என்று கொள்ளுதலும் தவறாகும். இம்மொழிகளிலே ஒரு வேரின்மேல் விகுதிகளை அடுக்கி நீண்ட சொற்களை ஆக்கலாம். ஆகவே எதனை ஒரு சொல் என்று எண்ணுவது என்பதே பெரிய வினா. வட்டாரத்துக்கு வட்டாரம் மொழியும் வேறுபடும். பனிக்கும் பனிக்கட்டிக்கும் அம்மக்களிடம் வளமான சொற்றொகுதி உண்டு என்று 2010ஆம் ஆண்டிலே வெளிவந்த ஆராய்ச்சியொன்று சான்றுகளோடு எடுத்துக் காட்டியது. எண் பெரிதா சிறிதா என்பது தொடர்ந்து ஆராயத்தக்கது. எம்மொழியில், யார் வாயிற் கேட்டு, எவ்வாறு எண்ணப்பட்டது என்று சொல்லாமல் ஓர் எண்ணை எழுதிவிடுவதே ஆராய்ச்சிக்கு நேரும் கேடு.

மொழியியற் சஞ்சிகையொன்றுக்குக் கட்டுரை ஆயத்தஞ் செய்யும் ஒவ்வொருவரும் மனத்திற் கொள்ளவேண்டிய வரலாறு இது. ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்று மகிழ்ந்து, எழுதிய தாள்களை அப்படியே அனுப்பிவிடும் இளைஞர் பலர். ஆராய்ச்சி முடிவதற்கும் கையெழுத்துப்படி பத்திராதிபரைச் சென்றடைவதற்கும் இடையிலே தனியான ஒரு வேலை உண்டு. கட்டுரையாளர் ஆராய்ந்த மொழியை ஒருபோதும் கேட்டறியாத ஒருவர், தொலைதூர நாடொன்றில் அமர்ந்து அதனைப் படிக்கப் போகிறார். அவர் கட்டுரையாளரின் சொல்லை நம்பவேண்டிய நிலையில் இருக்கக்கூடாது. தாமே பார்த்துத் தெளியக்கூடிய நிலையில் இருத்தல் வேண்டும். ஆயத்த வேலைகள் யாவும் இந்த ஒரு நோக்கத்துக்கே உரியன.

முதலாவது, எடுத்துக்காட்டு. மொழியியற் கட்டுரைக்கு உயிர்நிலை அதுவே. தமிழைப் பற்றி எழுதும் ஒருவர் "அவன் வீட்டுக்குப் போனான்" என்ற வாக்கியத்தைக் காட்டுகிறார் என்று கொள்வோம். அதனை எழுதி, அதன் கீழே ஆங்கிலத்திற் பொருளைத் தந்துவிட்டாற் போதுமா? தமிழறியாத வாசகர் அதிலிருந்து யாது அறிவார்? இறந்தகாலத்தைக் காட்டும் கூறு எது, ஆண்பாலைக் காட்டும் கூறு எது என்று அவருக்குத் தெரியாது. ஆகையால் மூன்று வரிகள் எழுதுதல் மரபாயிற்று. முதல் வரியிலே மொழியிலுள்ளபடி வாக்கியம். இரண்டாம் வரியிலே உறுப்பு உறுப்பாகப் பிரித்த பொருள். மூன்றாம் வரியிலே இயல்பான மொழிபெயர்ப்பு. "போனான்" என்பது போ, ன், ஆன் எனச் சிறு கோடுகளாற் பிரிக்கப்படும்; அதன் கீழே வினை, இறந்தகாலம், ஆண்பால் ஒருமைப் படர்க்கை என்பன அதே எண்ணிக்கையான கோடுகளோடு நேருக்கு நேராக நிற்கும். மேல்வரியில் இரண்டு கோடும் கீழ்வரியில் ஒரு கோடும் இருந்தால், வாசகர் வழி தவறுவார்.

இவ்வாறு பிரிக்கத் தொடங்கியவுடன் கட்டுரையாளர் தாமே எண்ணிப் பாராத வினாக்கள் எழுகின்றன. "வீட்டுக்குப்" என்பதன் ஈற்றிலுள்ள பகர மெய்க்குப் பொருள் உண்டா? தமிழர்க்கு அது வல்லினம் மிகுதல் என்று தெரியும். வெளிநாட்டு வாசகரோ அதனையும் ஒரு வேற்றுமை உருபு என்று மயங்கக்கூடும். "வீடு" என்ற பெயர் "வீட்டு" எனத் திரிந்ததையும் விளக்கவேண்டும். தாய்மொழியிலே தானாக நடந்துவிடும் ஒன்றை, பிறர்க்குக் காரணங்காட்டிச் சொல்லவேண்டிய கட்டாயம் இங்கே உண்டாகிறது. பல வேளைகளிற் கட்டுரையின் முடிவே இவ்விடத்தில் மாறிவிடுவதுண்டு.

இம்மூவரி முறைக்குப் பொதுவான விதிகளை, ஜேர்மனியிலுள்ள லைப்சிக் நகரத்து மொழியியலாளர் வகுத்துள்ளனர். லைப்சிக் விதிகள் என்று வழங்கும் அவை எண்ணிக்கையிற் பத்து. அவற்றைக் கற்க ஒரு மாலைப்பொழுது போதும். கற்றபடி நூறு எடுத்துக்காட்டுகளைத் திருத்துவதற்குப் பல வாரங்கள் செல்லும்.

இரண்டாவது, ஒலி எழுத்து. தமிழின் ழகரத்தை ஆங்கில எழுத்துக்களிலே எழுதுவோர் இசட், எச் என்னும் இரண்டையும் சேர்த்து எழுதுவர். ரஷ்ய மொழியிலே முற்றிலும் வேறான ஓர் ஒலியைக் குறிப்பதற்கும் அதே இரண்டு எழுத்துக்கள் வழங்குகின்றன. ரஷ்ய மொழியறிந்த வாசகர் "தமிழ்" என்ற பெயரையே பிழையாக ஒலிப்பார். இவ்விடர் நீங்கவே, 1886ஆம் ஆண்டிலே பாரிசில் தோன்றிய அனைத்துலக ஒலியியற் கழகம் ஓர் ஒலிக்கு ஒரு குறி என்ற நெறியில் எழுத்து முறையொன்றை வளர்த்தது. அதனைப் பயன்படுத்துவோர், கணினியில் உள்ள எழுத்துரு மறு கணினியிலும் மாறாமல் நிற்கின்றதா என்று பார்த்துக்கொள்ளல் நன்று. ஒரு குறி சதுரமாக மாறி அச்சேறினால், ஓர் ஒலியே மறைந்துவிட்டது என்க.

உடுக்குறியின் செய்தியும் இத்தகையதே. "நான் வந்தான்" என்பது தமிழில் அமையாத வாக்கியம் என்று காட்ட, அதன் முன்னே ஓர் உடுக்குறி இடுவர். வரலாற்று மொழியியலாளரோ, எந்த ஏட்டிலும் காணப்படாமல் ஒப்பீட்டினால் மீட்டமைக்கப்பட்ட பழஞ்சொல்லின் முன்னே அதே குறியை இடுவர். ஒன்று "இது பிழை" என்கிறது. மற்றது "இது இருந்திருக்க வேண்டும்" என்கிறது. ஒரே கட்டுரையில் இரண்டு பொருளிலும் அக்குறி வருமாயின், எங்கே எப்பொருள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுதல் கட்டுரையாளர் கடன்.

மூன்றாவது, சான்றின் பிறப்பிடம். ஒரு வாக்கியம் கட்டுரையாளர் தாமே ஆக்கியதா, நூலில் எடுத்ததா, பிறர் வாயிற் கேட்டதா என்பது தெரியவேண்டும். பிறர் வாயிற் கேட்டதாயின், எவ்வூர்ப் பேச்சு, எவ்வயதினர் பேச்சு, எவ்வாண்டிற் பதிவாயிற்று என்பனவும் வேண்டும். பேசியவரின் இசைவு பெறாமல் அவர் பெயரை வெளியிடலாகாது; அவர் விரும்பினால் மறைக்கவும் ஆகாது. நூலிலிருந்து எடுத்தவற்றுக்கு மூலநூலைத் திறந்து பக்கத்தைப் பார்த்தல் அவசியம். இன்னொருவர் எடுத்தாண்டதைக் கண்டு எடுத்தால், அவ்வாறே எடுத்ததாகச் சொல்லுதலே நேர்மை. பனிச்சொற்களின் எண்ணிக்கை பெருகியது இவ்விடத்திலேதான்.

நூற்பட்டியல் முதலிய புறக்காரியங்களை இங்கே சுருக்கமாகச் சொல்லலாம். கட்டுரையிற் குறித்த நூல் ஒவ்வொன்றும் பட்டியலில் இருத்தல் வேண்டும். பட்டியலில் உள்ளது ஒவ்வொன்றும் கட்டுரையிற் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஒவ்வொரு சஞ்சிகைக்கும் தனித்தனி நடை விதிகள் இருந்தமையால் எழுதுவோர் பட்ட தொல்லையைக் குறைப்பதற்கு, மொழியியற் சஞ்சிகைகளின் பத்திராதிபர்கள் 2007ஆம் ஆண்டிலே பொதுவான விதித்தாள் ஒன்றை வெளியிட்டனர். எனினும் அனுப்பவிருக்கும் சஞ்சிகையின் விதிகளைப் படித்தே அனுப்புதல் வேண்டும். ஒரே கட்டுரையை ஒரே வேளையில் இரண்டு சஞ்சிகைகளுக்கு அனுப்புதல் பெருந்தவறாகக் கொள்ளப்படும்.

பல சஞ்சிகைகளில், எழுதியவர் இன்னார் என்று மதிப்பிடுவோருக்கும், மதிப்பிடுவோர் இன்னார் என்று எழுதியவருக்கும் தெரியாது. ஆகவே பெயரையும் நன்றியுரையையும் நீக்கி அனுப்புவர். "முன்னைய கட்டுரையில் யான் காட்டியவாறு" என்ற ஒரு தொடர் எஞ்சியிருந்தாலும் மறைவு குலைந்துவிடும். மதிப்புரை திரும்பி வரும்போது அதனைப் பகையாகக் கருதுதல் இளையோரின் இயல்பு. "இவ்வாக்கியம் விளங்கவில்லை" என்று மதிப்பீட்டாளர் எழுதினால், அவரை அறிவிலி என்று எண்ணுவதிலும், அவ்வாக்கியத்தைத் திரும்பப் படிப்பதே பயன் தரும். அவர் தவறியிருந்தாலும், அவரைத் தவறச் செய்த சொல் கட்டுரையிலே இருக்கக்கூடும்.

இத்தனை நுண்மை எதற்கு, ஒரு கோடு கூடினால் அல்லது குறைந்தால் உலகம் கெட்டுவிடுமா என்று கேட்போர் உளர். அவர்களுக்கு உபிக் மொழியின் வரலாறு விடை கூறும். கோக்கசசு மலைகளுக்கும் கருங்கடலுக்கும் இடையிலே வாழ்ந்த உபிக் மக்கள், 1864ஆம் ஆண்டிலே ரஷ்யப் படையெடுப்பின் விளைவாகத் தாயகம் விட்டுத் துருக்கியரின் பேரரசிற் குடியேறினர். நாளடைவில் அவர்தம் பிள்ளைகள் பிறமொழி பேசலாயினர். ஏறத்தாழ எண்பது மெய்யொலிகளைக் கொண்டது அம்மொழி; உயிரொலிகளோ இரண்டு அல்லது மூன்று. இத்தகைய மொழியிலே குறி ஒன்று பிழைத்தாற் சொல்லே வேறாகிவிடும்.

நோர்வே நாட்டு அறிஞர் ஹான்ஸ் வோக்ட் 1963ஆம் ஆண்டிலே உபிக் அகராதி ஒன்றை வெளியிட்டார். பெரும் உழைப்பின் பயனாகிய அந்நூலிலும் பிழைகள் இருந்தன. பிரெஞ்சு அறிஞர் ஜோர்ஜ் டூமெசில் அவற்றுக்குத் திருத்தங்களை எழுதி 1965ஆம் ஆண்டிலே வெளியிட்டார். அந்நாளிலே, ஐயம் எழுந்தாற் கேட்டுத் தெளிவதற்குத் தெவ்ஃபிக் எசென்ச் என்னும் உபிக் முதியவர் உயிரோடிருந்தார். அறிஞர் பலருக்கு அவர் தம் மொழியைப் பொறுமையோடு சொல்லிக் கொடுத்தார். 1992ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அவர் மறைந்தார். அம்மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் அவரே.

இன்று உபிக் மொழியிலே ஒரு சொல்லைப் பற்றி ஐயம் எழுந்தால், கேட்பதற்கு ஒருவரும் இல்லை. ஒலிப்பதிவுகளும், அகராதியும், கட்டுரைகளும், திருத்தப் பட்டியலுமே எஞ்சியுள்ளன. அவற்றில் எழுதப்பட்ட ஒவ்வொரு குறியும் அம்முதியவரின் நாவுக்குப் பதிலாக நிற்கிறது. தம் மேசைமேற் கிடக்கும் கையெழுத்துப்படியை அனுப்புமுன், சலிப்போடு பத்தாம் முறையாக எடுத்துக்காட்டுகளைச் சரிபார்க்கும் இளைஞர் ஒருவர், தாம் அற்ப வேலை செய்வதாக எண்ண வேண்டுவதில்லை. அவர் எழுதிய மூன்று வரிகளை, அவரையும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தவரையும் கேட்க இயலாத காலத்திலே, யாரோ ஒருவர் நம்பிப் படிக்கப் போகிறார்.