நாம் கட்டும் பணம்தான் அவர்கள் காட்டும் பரிசு

போட்டி அரங்கின் வாசலில் மணிக்கணக்காய்க் காத்திருந்து பழகிப்போன தாய்மார்களே, தந்தைமார்களே!

சதுரங்கப் போட்டி அறிவிப்பில் கொட்டை எழுத்தில் ‘பரிசுத்தொகை இத்தனை லட்சம்’ என்று போடுகிறார்களே, அது யாருடைய பணம்? புரவலர் யாரும் இல்லாத போட்டி என்றால், அது உங்கள் பணம்! நீங்கள் கட்டிய நுழைவுக் கட்டணம்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டணம் 3,000 ரூபாய், ஆட வருகிறவர்கள் 400 பேர் என்று வைத்துக்கொள்வோம். வசூல் 12 லட்சம். அதில் 6 லட்சம் பரிசு. மீதி அரங்க வாடகைக்கு, நடுவர்களுக்கு, பலகைக்கு, கடிகாரத்துக்கு, சதுரங்கச் சங்கத்துக்கு. அந்த 6 லட்சத்தைச் சமமாகப் பங்கு போட்டாலே தலைக்கு 1,500தான் வரும். கட்டியதில் பாதி! ஆனால் பங்கு அப்படியா போகிறது? முதலிடத்துக்கு ஒரு லட்சம். நாற்பதாவது இடத்துக்குக் கட்டிய பணம் திரும்பினாலே பெரிது. மிச்சம் 360 பேருக்கு ஒரு காசு கிடையாது. இதில் ரயில் கட்டணமும், விடுதி வாடகையும், கூட வந்த அப்பாவின் சம்பளமில்லா விடுப்பும் சேரவில்லை.

கிராண்ட்மாஸ்டர்களுக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. தங்க இடமும் சாப்பாடும்கூடக் கொடுத்து அழைக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பட்டத்துக்காக அவர்கள் பட்ட பாட்டை நான் அறிவேன். அவர்களோடு மோதித்தான் நம் பிள்ளைகள் பட்டத்துக்கான தகுதியாகிய நார்ம் எடுக்க வேண்டும். ஆனால் அந்தச் செலவை ஒரு நிறுவனம் ஏற்கட்டும், ஓர் அரசு ஏற்கட்டும். ஆட்டத் தரத்தைச் சொல்லும் ரேட்டிங்கில் 1400 மட்டுமே வைத்திருக்கிற ஒரு தையல்காரர் மகன் ஏன் ஏற்க வேண்டும்?

பெரிய கட்டணம், பெரிய பரிசு என்ற வழியை உலகம் ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டது. 2014 அக்டோபரில், அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில், கிராண்ட்மாஸ்டர் மாரிஸ் ஆஷ்லியும் ஏமி லீ என்ற தொழில்முனைவோரும் ‘மில்லியனர் செஸ்’ நடத்தினார்கள். மொத்தப் பரிசு பத்து லட்சம் டாலர். நுழைவுக் கட்டணம் ஆயிரம் டாலர்! சதுரங்கத்துக்கு ஒரு கௌரவம் தேடித்தரவே ஆஷ்லி அதைச் செய்தார். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். வெஸ்லி சோ வென்று ஒரு லட்சம் டாலர் பெற்றார். ஆனால் ஆயிரம் பேர் வந்து ஆயிரம் ஆயிரமாய்க் கட்டினால்தான் பரிசுக்கே பணம் தேறும்; அத்தனை பேர் வரவில்லை. அடுத்த ஆண்டும் நடத்தினார்கள், நாகமுரா வென்றார். 2016இல் அட்லாண்டிக் சிட்டிக்கு மாற்றினார்கள், பரிசு ஏறக்குறைய பாதியானது. அதோடு நின்றுபோனது. பணக்கார நாட்டிலேயே ஆட்டக்காரரின் சட்டைப்பையை நம்பிய பெரும்பரிசு மூன்று ஆண்டுதான் தாங்கியது, தோழர்களே!

பெரும்பரிசு நேர்மையையும் அரிக்கிறது. குறைந்த ரேட்டிங் பிரிவுக்குப் பெரிய தொகை வைத்தால், அந்தப் பிரிவில் நுழைவதற்காகவே வேறு போட்டிகளில் வேண்டுமென்று தோற்று ரேட்டிங்கை இறக்குகிறவர்கள் முளைக்கிறார்கள். கருவி வைத்து ஏமாற்றுகிறவர்களும் வருகிறார்கள்: 2006இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்த உலக ஓப்பன் போட்டியில், ரேட்டிங் 2000க்குக் கீழான பிரிவில் முன்னணியில் இருந்த ஒருவரின் காதில் கம்பியில்லாக் கருவி பிடிபட்டது. அவர் குறி வைத்தது ஏறத்தாழ 18,000 டாலர். உலகச் சாம்பியன் பட்டத்துக்காக அல்ல, நடுத்தர ஆட்டக்காரர்களின் பிரிவில்!

‘பரிசு பெரிதாக இருந்தால்தான் போட்டிக்கு மதிப்பு’ என்பார்கள். இருக்கட்டும், பணம் எங்கிருந்து வருகிறது என்பதே என் கேள்வி. 2023 டிசம்பரில் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டி நடந்தது. பரிசு 50 லட்சம். அதற்குத் தமிழ்நாடு அரசு துணை நின்றது. எந்தப் பிள்ளையின் உண்டியலும் உடையவில்லை. குகேஷ் அதை வென்று, உலகச் சாம்பியனோடு மோதுபவரைத் தேர்வு செய்யும் கேண்டிடேட்ஸ் போட்டிக்குப் போனார். மறு ஆண்டு சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் ஆனார். பெரும்பரிசு வர வேண்டிய வழி அதுதான்.

அப்படியானால் நாம் எதற்குக் கட்டணம் கட்டுவது? ஒன்பது நல்ல ஆட்டங்களுக்கு. காற்றோட்டமான அரங்குக்கு. முழங்கை இடிக்காத மேசைக்கு. விதி தெரிந்த நடுவருக்கு. பெண்பிள்ளைகள் தயங்காமல் போகக்கூடிய கழிப்பறைக்கு. இவற்றுக்குக் கேளுங்கள், மனமுவந்து கட்டுகிறோம். ஆனால் பரிசுக்காகக் கட்டணத்தை ஏற்றாதீர்கள். நான் பார்த்த வீடுகளில், அண்ணனும் தங்கையும் ஆடுகிறார்கள் என்றால், கட்டணம் ஏறும்போது முதலில் நிறுத்தப்படுகிறவள் தங்கைதான். அவள் காய் நகர்த்தத் தெரியாமல் நிற்கவில்லை. கட்ட முடியாமல் நிறுத்தப்பட்டாள்!

ஆகவே அமைப்பாளர்களிடம் நாம் கேட்பது இதுதான். பரிசு வேண்டாம், ரேட்டிங்குக்கும் அனுபவத்துக்கும் ஆடினால் போதும் என்கிற பிள்ளைக்குப் பாதிக் கட்டணத்தில் இடம் கொடுங்கள். கட்டணத்தில் எத்தனை ரூபாய் பரிசுக்கு, எத்தனை அரங்குக்கு என்று அறிவிப்பிலேயே அச்சிடுங்கள். போட்டி முடிந்து பதினைந்து நாளில் வரவு செலவை வெளியிடுங்கள். இந்த மூன்றையும் எழுதிய தாள் இப்போது முதல் வரிசையிலிருந்து வருகிறது. சம்மதமுள்ள பெற்றோர்கள் பெயரெழுதிக் கையெழுத்திடுங்கள். மாவட்டச் சங்கத்துக்கு நாளைக் காலை நாமே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.