இயற்பியலா, வரலாறா?

பிளஸ் டூ முடிவு வந்ததும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பல வீடுகளில் ஒரே பேச்சு: இயற்பியலா, வரலாறா? பிள்ளைக்கு இரண்டிலும் ஆசை. அந்தக் குழப்பத்தில் விண்ணப்பிப்பதையே தள்ளிப்போடுகிறார்கள். அது வேண்டாம்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு இணையத்தில் பொது விண்ணப்பம் இருக்கிறது. கலை, அறிவியல் இரண்டு பக்கமும் இடம் கேட்கலாம். ஆனால் தரவரிசை ஒன்றல்ல. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண். மற்றவற்றுக்கு நான்கு முக்கியப் பாடங்கள் சேர்ந்து 400. ஆகவே கணிதத்தில் சறுக்கிய பிள்ளை தமிழில் முன்வரிசையில் நிற்கலாம். இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

இந்தப் பொது விண்ணப்பத்தில் சேராத, பட்டாபிராமில் 1969இல் தொடங்கிய இந்துக் கல்லூரி போன்றவற்றுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொன்று. அறிவியல் பிரிவில் படித்தவர் பி.ஏ. வரலாற்றில் சேரலாம், வரலாற்றுப் பிரிவில் படித்தவருக்கு பி.எஸ்ஸி. இயற்பியல் கிடைக்காது. அவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழி டேட்டா சயின்ஸ் படிப்புக்கு, பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் முயலலாம்; பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும், தகுதிச் சுற்றில் தேற வேண்டும். இரண்டு பட்டங்களை ஒரே காலத்தில் படிக்க பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அனுமதி தந்துவிட்டது. பகலில் கல்லூரியில் வரலாறு, மாலையில் வீட்டில் டேட்டா சயின்ஸ் என்று படிக்க வழியுண்டு.

பெற்றோரே, பிள்ளை முடிவெடுக்கட்டும் என்று கடைசித் தேதிவரை காத்திருக்காதீர்கள். இரண்டுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.