ஒரு ஜுரமும் பல தெருக்களும்



கொள்ளைநோய்க்கு ஏழை பணக்காரன் என்ற பேதமோ ஜாதி வித்தியாசமோ கிடையாது என்று மேடையேறிச் சொல்லிவிட்டால் கைதட்டலுக்குக் குறைவிராது. ஆனால் 1918-ஆம் ஆண்டில் பம்பாய் நகரத்தில் இன்புளூயன்சா ஜுரத்தால் மாண்டவர்களின் கணக்கைப் படித்த நாள் முதல் அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு நா எழுவதில்லை. ஐரோப்பியரில் ஆயிரத்துக்கு எட்டுப் பேருக்குச் சற்று அதிகம். பார்சிகளில் ஒன்பது பேர். முஸ்லிம்களிலும் ஜாதி ஹிந்துக்களிலும் ஏறக்குறைய பத்தொன்பது பேர். தீண்டத்தகாதவர் என்று சமூகம் ஒதுக்கிவைத்த மக்களிலோ அறுபத்தொன்றுக்கும் மேல்.

கிருமி ஆள் பார்த்துத் தொற்றியது என்பதல்ல இதன் பொருள். அவ்வாண்டு ஜூன் மாதத்தில், யுத்தகாலக் கப்பல்கள் ஓயாமல் வந்து போய்க்கொண்டிருந்த துறைமுகத்திலே காவல் புரிந்த போலீஸ் சிப்பாய்கள் சிலர் முதலில் படுத்தார்கள். அந்த அலை பெரிய சேதமின்றிக் கடந்தது. செப்டம்பரில் அது மீண்டும் எழுந்தபோது பருவமழை பொய்த்துத் தானிய விலை ஏறியிருந்தது. கிராமங்களில் பிழைக்க வழியற்றவர்கள் நகரத்தை நாடி வந்துகொண்டிருந்தார்கள். மருத்துவர்களில் பலர் யுத்த சேவைக்குப் போய்விட்டிருந்தார்கள். ஆலைத் தொழிலாளர் குடியிருந்த 'சால்' என்னும் அடுக்குக் கட்டடங்களில், காற்றோட்டமில்லாத ஓர் அறையிலே ஒரு குடும்பம் முழுவதும் உண்டு உறங்கி வந்த நிலையில், இருமுகிறவனைத் தனியே படுக்க வைப்பதற்கு இடம் ஏது? தனியறையும் பணியாளரும் பாலும் கஞ்சியும் உள்ள வீட்டில் பத்து நாள் படுக்கையாக முடிந்த ஜுரம், ஒரு நாள் கூலி தவறினால் அடுப்பு எரியாத வீட்டில் மயானத்தில் முடிந்தது. தேசம் முழுவதிலும் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக மாண்டார்கள் என்பதையும் தாய்மார்கள் கவனிக்க வேண்டும்; நோயாளிக்குப் பணிவிடை செய்பவளும், மிஞ்சியதைக் கடைசியில் உண்பவளும் அவளே அல்லவா?

பம்பாயிலிருந்து ரயில் பாதைகளின் வழியே ஜுரம் உள்நாடு புகுந்தது. மத்திய மாகாணங்களை அது சூறையாடிய அளவுக்கு வங்காளத்தைத் தொடவில்லை. நமது அன்றைய சென்னை மாகாணமும் மேற்கை நோக்கக் குறைவாகவே இழந்தது. அதை நம் புண்ணிய விசேஷம் என்று எண்ணிவிட வேண்டாம்.

சாவைக் கூட்டுவதும் குறைப்பதும் மனிதரின் ஏற்பாடே என்பதற்கு ஓர் உதாரணம் பாருங்கள்: பசிபிக் சமுத்திரத்தில் சமோவா என்ற தீவுக் கூட்டம் உண்டு. ஒரே இனத்தவர், ஒரே பாஷை; ஆட்சி மட்டும் இரண்டு. நியூஜிலாந்தின் வசமிருந்த மேற்குப் பகுதிக்கு 1918 நவம்பரில் 'தாலூன்' என்ற கப்பல் ஆக்லாந்திலிருந்து நோயாளிகளோடு வந்தது, அவர்கள் தடுப்பாரின்றி இறங்கினார்கள், சில வாரங்களில் ஜனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு அழிந்தது. கிழக்கே அமெரிக்கக் கவர்னராயிருந்த ஜான் போயர், செய்தி அறிந்த மாத்திரத்தில் துறைமுகத்தைக் கட்டுக்காவலில் வைத்தார். அங்கே இந்த ஜுரத்தால் ஒருவரும் சாகவில்லை.

ஆகையால் நகரசபை அங்கத்தினர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. ஊர் முழுமைக்கும் சேர்த்து ஒரே மரண விகிதத்தை அச்சிடும் வழக்கம் போதாது. வார்டு வாரியாகவும் தெரு வாரியாகவும், எத்தனை குடும்பங்களுக்கு ஒரு குழாய், எத்தனை பேருக்கு ஓர் அறை என்ற கணக்கோடு சேர்த்து அதை அச்சிடுங்கள். அடுத்த வரவுசெலவுத் திட்டம் சபைக்கு வருவதற்கு முன்பே அச்சிடுங்கள்.