சொந்தக் காலில் நிற்பது எது?

(கரக்பூரில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

கற்றறிந்த அறிஞர்கள் பேச வேண்டிய இவ்விழாவில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே கோப்புகளோடு காலங்கழிக்கும் குமாஸ்தாவாகிய என்னைப் பேசப் பணித்திருக்கிறீர்கள். இலக்கியம் பேச எனக்குத் தகுதியில்லை. ஆயினும், பள்ளிக்கூடத்தில் கற்காத ஒரு பாடத்தைப் பின்னாளில் கற்க நேர்ந்தது. அதையே உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

பிள்ளைகளை வாழ்த்தும்போது, "சொந்தக் காலில் நில்" என்று வாழ்த்துவது நம் வழக்கம். கால்களே செயலற்றுப் போனவன் எந்தக் காலில் நிற்பது? இதுவே என் பேச்சின் பொருள்.

2013-ஆம் ஆண்டில், விடுமுறைக்காகச் சொந்த ஊர் சென்றிருந்தபோது, வீட்டுக் கூரையில் ஓடு மாற்ற ஏறி, வழுக்கி விழுந்தேன். முதுகெலும்பு முறிந்து, அதனுள்ளே ஓடும் தண்டுவடம் நசுங்கிற்று. சுண்டுவிரல் பருமனும் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமும் உடையதே தண்டுவடம். மூளையின் கட்டளைகள் உடலுக்குச் செல்வதும், உடலின் உணர்ச்சிகள் மூளைக்கு வருவதும் அவ்வழியேதான். பாதை அறுந்தால் அதற்கப்பால் உள்ள நிலையங்களுக்கு வண்டி போகாதல்லவா? அவ்வாறே, முறிந்த இடத்திற்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை, மலசலத்தின் மீது கட்டுப்பாடும் இல்லை. கைகள் மட்டும் எனக்கு மிஞ்சின. கழுத்தில் அடிபட்டவர்களுக்கோ கைகளும் தளர்ந்துவிடும்.

நசுங்கிய தண்டுவடத்தைப் பழையபடி ஆக்கும் மருந்து இன்றுவரை உலகில் எங்கும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எண்ணெயால் நடக்க வைப்போம், ஊசியால் எழுப்பிவிடுவோம் என்று சொல்வோரை நம்பி, தாலிச் சங்கிலியை விற்ற குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். அப்பணத்தில் நல்ல சக்கர நாற்காலி ஒன்று வாங்கலாம்; குளியலறைக் கதவை அகலப்படுத்தலாம்; தரமான மெத்தை வாங்கலாம். மனிதனை மீண்டும் மனிதனாக்குவன இவையே.

முற்காலத்தில் இவ்வாறு அடிபட்டவர்கள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் மாண்டனர். அவர்களைக் கொன்றவை படுக்கைப் புண்ணும் சிறுநீரக நோயுமே. 1944-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டோக் மேண்டவில் என்னுமிடத்தில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர், இவர்களுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கி, இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கச் செய்தார்; பின்னர்த் தொழிலும் விளையாட்டும் பயில வைத்தார். இன்றைய பாராலிம்பிக் போட்டிகள் அங்கு முளைத்த விதையின் விளைவே.

நம் நாட்டிலும் இதற்கு வழிகாட்டியாக விளங்கியவர் ஒருவர் உண்டு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார், 1954-ஆம் ஆண்டில் ஒரு சாலை விபத்தில் இரு கால்களின் வலிமையையும் இழந்தார். அதன் பின்னரும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் முடங்கிய கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை வளர்த்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நானும் வேலூரில்தான் பயிற்சி பெற்றேன்.

அங்கே கற்றவற்றுள் முதன்மையானது சட்டை போட்டுக்கொள்வது! சிரிக்காதீர்கள். சட்டையும் கால்சட்டையும் நானே அணிய முதல் நாள் ஐம்பது நிமிடங்கள் ஆயின. பார்க்கப் பொறாத என் தாயார், "ஏனப்பா இந்தப் பாடு? நான் போட்டுவிடுகிறேன்" என்று கண்ணீரோடு எழுந்தார். பயிற்சி அளித்த அம்மையார், "அம்மா, இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள், அவரே போட்டுக்கொள்வார்" என்றார். என் தாயார் புடவைத் தலைப்பைப் பற்களால் கடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். அன்று என்னைவிட அதிகம் உழைத்தவர் அவரே. உதவி செய்ய ஓடிவரும் கையைக் கட்டுப்படுத்திக்கொள்வது எத்தனை கடினம் என்பதைப் பெற்றவர்கள் அறிவார்கள். இப்போது எனக்குப் பதினைந்து நிமிடங்கள் போதும்.

அடுத்துக் கற்றது கால அட்டவணை. ரயில்வேக்காரனுக்கு இது புதிதன்று. நான்கு முதல் ஆறு மணிக்கொருமுறை கதீட்டர் குழாயால் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் மலங்கழிக்கப் பழக்கிக்கொள்ள வேண்டும். அரை மணிக்கொருமுறையேனும் கைகளை ஊன்றி உடலைத் தூக்கியோ, முன்புறம் சாய்ந்தோ, உட்கார்ந்த இடத்தின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். காலையில் கண்ணாடி பிடித்து முதுகுப் புறத்தில் தோல் சிவந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். சூடான காபி டம்ளரைத் தொடைமேல் வைக்கலாகாது, வெந்தாலும் தெரியாது. இவற்றைச் சபையில் பேசலாமா என்று சிலர் கருதக்கூடும். பேசக் கூசியதனாலேயே பல உயிர்கள் போயின. ஆகவே பேசுகிறேன்.

மூன்றாவதாகக் கற்றது அளவு நாடா. எங்கள் குவார்ட்டர்ஸின் குளியலறைக் கதவு 24 அங்குலம். என் நாற்காலி 25 அங்குலம். அந்த ஓர் அங்குலத்திற்காக எட்டு மாதங்கள் பிறர் என்னைத் தூக்கிச் சென்றனர். முறைப்படி அனுமதி பெற்றுக் கதவை 36 அங்குலமாக்கிய நாளில், என் கால்களே திரும்பியது போல் மகிழ்ந்தேன். கட்டிலின் கால்களை அறுத்து, நாற்காலியின் உயரத்திற்குச் சமமாக்கினோம். ஒரு வழுவழுப்பான பலகையின் துணையால் நானே இறங்குகிறேன், நானே ஏறுகிறேன். துணி மாட்டும் ஆணிகள் தாழ்ந்தன. என் உடலில் மாற்ற முடியாததை, வீட்டில் மாற்றினோம்.

வேலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை நீக்கவோ, பதவி இறக்கவோ கூடாதென்று 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு அப்போது காத்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு இப்போது காக்கிறது. பழைய வேலைக்கு இயலாவிடில், அதே ஊதியத்தில் வேறு வேலை தர வேண்டும். இதை அறியாமல் தாமாகவே ராஜினாமா எழுதிக்கொடுப்பவர்கள் உண்டு. உங்கள் உறவினர் எவருக்கேனும் இந்நிலை நேர்ந்தால், முதலில் அவர் கையிலிருந்து அந்தத் தாளை வாங்கிக் கிழித்தெறியுங்கள். என் மேசை மாடியிலிருந்து கீழ்த்தளத்திற்கு வந்தது. அதே பேரேடு, அதே பேனா, அதே குமாஸ்தா.

ஆயினும் ஒன்று இன்னும் மாறவில்லை. கல்யாண வீடுகளில், நான் பக்கத்தில் அமர்ந்திருக்க, என் இல்லாளைப் பார்த்து, "சாருக்குக் காபியில் சர்க்கரை போடலாமா?" என்று கேட்கிறார்கள். எனக்கு முறிந்தது முதுகெலும்பு, நாக்கு முறியவில்லை! என் சர்க்கரையை என்னிடமே கேளுங்கள்.

இங்கேதான் என் கேள்விக்கு விடை இருக்கிறது. யாருடைய துணையும் இன்றி வாழ்வதையே சொந்தக் காலில் நிற்பதாக நான் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். அப்படி வாழ்பவர் யார்? சோற்றுக்கு உழவரையும், துணிக்கு நெசவாளரையும் நம்பியே எல்லோரும் வாழ்கிறோம். எப்போது எழுவது, எங்கே போவது, எவ்வுதவியை ஏற்பது, எதை மறுப்பது என்று தானே முடிவு செய்பவன் சொந்தக் காலில் நிற்கிறான். கழுத்துக்குக் கீழே அசைவற்றவரும், தம்மை எப்படிப் புரட்ட வேண்டும் என்று தாமே சொல்லிச் செய்வித்துக்கொண்டால், அவரும் சொந்தக் காலில் நிற்பவரே.

காலனிக் குடும்பத்தாருக்கு ஒரு முக்கியச் செய்தி. மாடியிலிருந்தோ, மரத்திலிருந்தோ, வண்டியிலிருந்தோ ஒருவர் விழுந்து கிடந்தால், தோளைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேராக இருக்கும்படி அசையாமல் வைத்து, ஆம்புலன்சை அழையுங்கள். எடுத்துச் செல்லவே வேண்டியிருந்தால், நால்வராகச் சேர்ந்து பலகையின் மேல் கிடத்தி எடுத்துச் செல்லுங்கள். அவசரத்தில் செய்யும் உதவி, பிழைத்திருக்கும் நரம்பையும் அறுத்துவிடக்கூடும்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். நம் ஊர் ரயில் நிலையத்தின் 1,072 மீட்டர் நடைமேடை, 2013-இல் கோரக்பூர் முந்தும்வரை, உலகிலேயே நீளமானது என்ற பெருமை பெற்றிருந்தது. அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நான் தனியே உருட்டிச் சென்றிருக்கிறேன். ஆனால் நம் சங்க மண்டபத்து வாசலில் மூன்று படிகள் இருக்கின்றன. அவற்றை என்னால் கடக்க முடியாது. இன்று மாலையும் நான்கு தம்பிகள் என்னை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். அவர்கள் அன்புக்கு நான் கடமைப்பட்டவன். ஆயினும், நடுவில் வீட்டுக்குப் போக நினைத்தால் நான்கு பேரைத் தேட வேண்டுமே! விரும்பியபோது வரவும், விரும்பியபோது போகவும் இயலாத இடத்தில் ஒருவன் உறுப்பினன் ஆகான், விருந்தாளியாகவே இருப்பான்.

ஒரு படி ஆறு அங்குலம். மூன்று படிகள் பதினெட்டு அங்குலம். ஓர் அங்குல உயரத்திற்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. ஆகப் பதினெட்டு அடி. நம் வாசலின் பக்கவாட்டில் இருபத்திரண்டு அடி இடம் இருக்கிறது. நேற்று நானே அளந்து பார்த்தேன். முழங்கால் வலியால் விழாவுக்கு வருவதையே நிறுத்திவிட்ட நம் காலனிப் பாட்டிமார்களும் அவ்வழியே வரலாம். செலவில் என் பங்காக ஒரு மாதச் சம்பளத்தைப் பொருளாளர் அவர்களிடம் இன்றே ஒப்படைக்கிறேன். எஞ்சியதைச் சங்கம் ஏற்று, அடுத்த ஆண்டு விழாவுக்கு முன் அதைக் கட்டி முடிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.