செப்சிஸுக்குப் பின் உடலின் எதிர்ப்பாற்றல்

நோய்த்தொற்றை எதிர்க்கும் முயற்சியில் உடலின் எதிர்ப்பாற்றலே கட்டுக்குலைந்து, சிறுநீரகம், நுரையீரல் முதலிய உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் நிலையே செப்சிஸ் எனப்படுகிறது. 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 4 கோடியே 89 லட்சம் பேர் இதற்கு ஆளாயினர் என்றும், இதனோடு தொடர்புடைய உயிரிழப்புகள் 1 கோடியே 10 லட்சம் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. பிழைத்தவர் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பியதும் நோய் முடிந்ததாகக் குடும்பத்தார் நிம்மதி அடைவது இயல்பே. ஆயினும் அவர்களுள் பலருடைய எதிர்ப்பாற்றல் மாதக்கணக்கில் பழைய நிலையை எட்டுவதில்லை.

நெடுங்காலம் மருத்துவ உலகின் கவனம் மிகையான அழற்சியின் மீதே குவிந்திருந்தது. 1990களில் அழற்சியைத் தூண்டும் புரதங்களை முடக்கும் மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்கப்பட்டு, எதிர்பார்த்த பலனைத் தராமல் போன பிறகே, மிகையோடு ஒடுக்கமும் சேர்ந்து நிகழ்கிறதா என்ற கேள்வி வலுப்பெற்றது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், செப்சிஸால் இறந்த 40 பேரின் மண்ணீரல், நுரையீரல் திசுக்களை, இறந்த மூன்று மணி நேரத்துக்குள் எடுத்து ஆராய்ந்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். எதிர்ப்பணுக்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளச் சுரக்கும் சைட்டோகைன் என்னும் புரதங்கள், தூண்டப்பட்ட அந்த மண்ணீரல் அணுக்களில், செப்சிஸ் இல்லாதவர்களிடம் காணப்பட்ட அளவில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருந்தன. எரிந்து தணியாத படை என்று எண்ணப்பட்டது, உண்மையில் ஓய்ந்து கிடந்தது.

கிருமிகளை இனங்கண்டு நினைவில் வைக்கும் நிணநீர் அணுக்கள் செப்சிஸின்போது பெருமளவில் மடிவதும், எஞ்சியவை செயலூக்கத்தை இழப்பதும் இதற்கு முதன்மைக் காரணங்கள். ஆனால் வெள்ளை அணுக்களுள் பல சில நாள்களே வாழ்பவை என்னும்போது, அவற்றின் குறைபாடு எவ்வாறு நீடிக்கிறது? மரபணுக்கள் மாறாதிருக்க, எவை இயங்கலாம், எவை அடங்கலாம் என்பதை நிர்ணயிக்கும் வேதிக்குறிகள், எலும்பு மஜ்ஜையிலுள்ள மூல அணுக்களிலேயே மாறிவிடுவதால், அவற்றிலிருந்து பிறக்கும் புதிய அணுக்களும் அக்குறையோடு பிறக்கக்கூடும் என்று விலங்கு ஆய்வுகள் சுட்டுகின்றன.

அமெரிக்க முதியோரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வொன்று, செப்சிஸிலிருந்து மீண்டோரில் ஐவரில் ஒருவருக்கும் மேலானோர் பின்னர் இறப்பதற்கு, அவர்களுக்கு முன்பே இருந்த நோய்கள் காரணமாகா என்று காட்டியது. மீண்டவர்கள் சில மாதங்களுக்குள் மறுபடியும் மருத்துவமனையில் சேர நேரும்போது, புதிய தொற்றே அடிக்கடி காரணமாக இருப்பதால், பின்னாளில் சிறு காய்ச்சல் வந்தாலும் முன்பு செப்சிஸ் இருந்ததை மருத்துவரிடம் முதலில் தெரிவிப்பதும், நிமோனியா, இன்ஃப்ளுயன்சா தடுப்பூசிகளைப் பற்றிக் கேட்டறிவதும் மிகவும் தேவையானவை.

இழந்த ஆற்றலை மீட்கும் மருந்துகளும் சோதிக்கப்படுகின்றன. இன்டர்லியூக்கின்-7 என்னும் புரதம், 27 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், நிணநீர் அணுக்களின் எண்ணிக்கையை மூன்று நான்கு மடங்காக உயர்த்தி, சில வாரங்கள் அந்நிலையிலேயே நிறுத்தியது. உயிரிழப்பைக் குறைக்குமா என்பதைத் தீர்மானிக்கும் அளவுக்கு அந்த ஆய்வு பெரிதன்று.